மெய்நிகர் உலகங்களும் நானும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். வீட்டில், பீரோவுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பழைய லேப்டாப் ஒன்றில் சின்ன உலகம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மலை, ஆறு, மூன்று ரயில் பாதை, யாரும் போகாத ஒரு கோயில், எல்லாம் உண்டு. இதைத் தெரிந்துகொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கு வாய் வலி மிச்சம்.

இந்த வயதிலும் கேமா?

சித்தப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பது. நான் விளையாடுவது குறைவு, சித்தப்பா. ஜல்லிக்கட்டு பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் மாடு பிடிக்கிறார்களா என்ன? நான் வாடிவாசலுக்குப் பின்பக்கம் நின்று, மாட்டை எப்படி உள்ளே கொண்டுவருகிறார்கள் என்று பார்க்கிற ஆள்.

ஆன்லைன் கேமுக்கும் மெய்நிகர் உலகத்துக்கும் என்ன வித்தியாசம்?

கேரம் ஆட்டம் முடிந்தால் காய்களைக் கொட்டி அடுத்த ஆட்டம் தொடங்குகிறோம். தெரு அப்படியில்லை. நீங்கள் ஊருக்குப் போய்விட்டு வருவதற்குள் எதிர்வீட்டில் மாடி எழும்பியிருக்கும். நீங்கள் வெளியேறிய பிறகும் நடந்துகொண்டே இருக்கிற, திரும்பி வரும்போது மாறியிருக்கிற இடத்தைத்தான் நான் மெய்நிகர் உலகம் என்கிறேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுவதெல்லாம் அப்புறம்.

படம்கூட அவசியமில்லை. 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் பிடிபி-10 கணினியில் ஓர் உலகத்தை எழுதத் தொடங்கினார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். பெயர் ‘மட்’ (MUD). முழுக்க எழுத்துதான். ‘நீ ஒரு குறுகலான பாதையில் நிற்கிறாய்’ என்ற மாதிரி ஒரு வரி வரும், ‘வடக்கு’ என்று தட்டினால் அடுத்த இடத்தின் விவரிப்பு வரும். அதே நேரம் இன்னொரு ஆளும் அங்கே நிற்கலாம், பேசலாம், உங்கள் பொருளைத் திருடிக்கொண்டு ஓடலாம். இன்றைக்குக் கோடிக்கணக்கான பணம் போட்டு எடுக்கும் ஆன்லைன் உலகங்கள் பலவற்றின் குடும்ப மரத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் இந்த எழுத்துத் திரையில்தான் போய் முட்டும்.

எனக்குப் பிடித்தது அதன் பேரப்பிள்ளைகளில் ஒன்று: லாம்ப்டாமூ. 1990-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பாவெல் கர்டிஸ் தொடங்கியது. அதில் உலகத்துக்குள் நின்றபடியே உலகத்தின் நிரலை எழுதலாம். ஒரு பெட்டியை உருவாக்கி, அதைத் திறந்தால் என்ன நடக்க வேண்டும் என்று அங்கேயே நிரல் எழுதி, பக்கத்தில் நிற்பவரிடம் ‘திறந்து பாரேன்’ என்று சொல்லலாம். வீட்டுக்குள் குடியிருந்துகொண்டே அஸ்திவாரத்தை மாற்றுவது மாதிரி. முதன்முதலில் அதைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு புரோகிராமருக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது?

அலுவலகத்தில் நான் எழுதுவதில் ஒரு பில்லை ஒருவர் திறந்திருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். யாரும் கோபப்பட மாட்டார்கள். மெய்நிகர் உலகத்தில் இருபது பேர் ஒரே கதவை ஒரே நொடியில் உதைப்பார்கள். கதவு திறந்ததா இல்லையா என்பதில் இருபது கணினிகளுக்கும் ஒரே பதில் கிடைக்க வேண்டும். அதுவும் உடனே.

இந்த ‘உடனே’தான் வம்பு. ஒளி கண்ணாடி இழைக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். உலகத்தை நடத்தும் கணினி, அதாவது சர்வர், ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து அது நேர்கோட்டில் சுமார் 7,500 கிலோமீட்டர். போய்வர 75 மில்லிசெகண்ட். இது இயற்கை போட்ட வரி, எந்த இணைப்பு வாங்கினாலும் தள்ளுபடி கிடையாது. கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை என்பதால் நடைமுறையில் இதைவிட அதிகமாகவே ஆகும். நீங்கள் ஒரு அடி முன்னே வைத்ததை சர்வர் ஒப்புக்கொண்டு பதில் சொல்லும்வரை திரை காத்திருந்தால், சேற்றில் நடப்பது மாதிரி இருக்கும்.

அதனால் கேம் எழுதுகிறவர்கள் ஒரு பொய் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். சர்வர் சம்மதிக்கும் என்று ஊகித்து உங்கள் கணினியே காலை முன்னே எடுத்து வைத்துவிடும். சர்வர் மறுத்தால் சத்தமில்லாமல் பின்னே இழுத்துக்கொள்ளும். 1996-ல் ஜான் கார்மக், குவேக் என்ற சுடும் கேமின் இணையப் பதிப்பான குவேக்வேர்ல்டில் இதைச் செய்தார். 1999 டிசம்பரில் குவேக்கின் மூல நிரல், அதாவது புரோகிராமர் கையால் எழுதிய நிரல், யாரும் படித்து மாற்றலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளியானபோது, அந்தப் பொய் எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் வரிவரியாகப் படிக்க முடிந்தது. எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராததை அந்தச் சி நிரல் சொல்லித்தந்தது.

கூட்டம் தாங்காதபோது என்ன செய்வது என்பதற்கு ஐஸ்லாந்துக்காரர்கள் எழுதிய ஈவ் ஆன்லைன் ஒரு விசித்திரமான வழி வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் மோதினால் சர்வர் அந்தப் பகுதியின் நேரத்தையே மெதுவாக்கிவிடும், பத்தில் ஒரு பங்குவரை. எல்லாரும் சமமாக மெதுவாவதால் சண்டை நியாயமாகவே இருக்கும். சேமிப்பில் எண்கள் தப்பாகாமல், காலத்தையே இழுத்துப் பிடிக்கிறார்கள். எங்கள் மாதக் கடைசிக் கணக்கு முடிப்புக்கு இப்படி ஒரு வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

செகண்ட் லைஃப் செத்துவிட்டதல்லவா?

இல்லை. உள்ளே வருகிறவர்களே வீடு கட்டி, சட்டை தைத்து விற்கும் முப்பரிமாண உலகம் அது. லிண்டன் லேப் என்ற நிறுவனம் அதை 2003-ல் தொடங்கியது, இன்னமும் ஓடுகிறது. பத்திரிகைகள் அதை மறந்துவிட்டன, அவ்வளவுதான்.

புரோகிராமர்களுக்கு அதில் முக்கியமான தேதி 2007 ஜனவரி. பயனர் கணினியில் ஓடும் வியூவரின் மூல நிரலை லிண்டன் லேப் அப்போது ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. சர்வரை வெளியிடவில்லை. அதாவது ஜன்னலைக் கொடுத்துவிட்டு வீட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தே வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்று ஊகிக்கக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். வியூவர் எதிர்பார்க்கும் செய்திகளுக்கெல்லாம் சரியான பதில் சொல்லும் ஒரு சர்வரை அதே ஆண்டில் சி ஷார்ப்பில் எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஓப்பன்சிமுலேட்டர். உரிமம் பிஎஸ்டி: யாரும் எடுத்து மாற்றலாம், மாற்றியதைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் கணினியிலேயே 256 மீட்டருக்கு 256 மீட்டர் நிலம் ஒன்றை எழுப்பி, அதே மாதிரி வியூவரில் போய் நிற்கலாம்.

அப்புறம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்துப் பேராசிரியர் கிறிஸ்டா லோப்ஸ் அதற்கு ஹைப்பர்கிரிட் என்ற ஒன்றைச் சேர்த்தார். ஒருவர் ஓட்டும் உலகத்திலிருந்து இன்னொருவர் ஓட்டும் உலகத்துக்கு, உங்கள் உருவத்தோடும் பையோடும் தாவிப் போகலாம். மின்னஞ்சல் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது மாதிரி. 2021-ல் ஃபேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டு, உலகங்களுக்கு நடுவே பயணம் பற்றிப் பேசியபோது எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் இதுதான். ஒரு சின்னக் கூட்டம் பத்தாண்டுக்கும் முன்பே அதைச் செய்து, ஓடவிட்டு, அதில் வரும் தகராறுகளையும் சந்தித்துவிட்டது. தகராறு என்றால், ‘என் சட்டையை அவன் உலகத்துக்குப் போட்டுக்கொண்டு போனால், அவன் அதை நகலெடுக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்?’ என்கிற வகை. உலகத்துக்குள் சட்டை விற்றுப் பிழைப்பவருக்கு இது பெரிய விஷயம்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம்தானே?

மூல நிரலை எல்லாருக்கும் திறந்து வைப்பதுதான் ஓப்பன் சோர்ஸ். பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள், சரி. ஆனால் உலகங்கள் விஷயத்தில் காசைவிட முக்கியமான ஒரு சிக்கல் உண்டு.

ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை, மென்பொருளை ஒருவருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் கொடு என்பது. சர்வரை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. என் வீட்டில் ஓடுகிறது, நீங்கள் வந்து பயன்படுத்துகிறீர்கள். எனவே ஜிபிஎல் சர்வர் ஒன்றை எடுத்து, ஆயிரம் மாற்றம் செய்து, எதையும் வெளியே காட்டாமல் நடத்தலாம். மாவு அரைக்கும் மெஷினை உங்களுக்கு விற்றால் உள்ளே இருக்கும் கல்லைக் காட்ட வேண்டும், ஆனால் மில்லில் அரைத்து மாவு மட்டும் கொடுத்தால் கல்லைக் காட்ட வேண்டாம் என்ற மாதிரி. இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஏஜிபிஎல்: நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் மூல நிரல் கேட்கும் உரிமை உண்டு. ஆன்லைன் உலகம் ஒன்றின் உரிமத்தைப் பார்க்கும்போது முதலில் ‘ஏ’ என்ற இந்த ஒரு எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இன்னொன்று, நிரல் வேறு, படங்கள் வேறு. பிளேன்ஷிஃப்ட் என்ற பழைய கேமின் நிரல் ஜிபிஎல், ஆனால் ஓவியமும் இசையும் பூட்டப்பட்டவை. பாத்திரம் உங்களுக்கு, சாம்பார் அவர்களுக்கு.

கம்பெனி மூடிவிட்டால் உலகம் என்ன ஆகும்?

என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்த கேள்வியே இதுதான்.

சாதாரணமாக நடப்பது: ஒரு தேதி அறிவிப்பார்கள். கடைசி நாளில் எல்லாரும் ஊர்ச் சதுக்கத்தில் கூடி, பட்டாசு வெடித்து, படம் எடுத்துக்கொண்டு, நடுராத்திரியில் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்ற பெட்டியைப் பார்ப்பார்கள். பத்து வருஷம் கட்டிய வீடு ஒரு ஹார்ட் டிஸ்கில் எங்கோ கிடக்கும், அல்லது அழிக்கப்படும். 2024 மார்ச் கடைசியில் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வர்கள் நிறுத்தப்பட்டபோது, தனியாக ஓட்டுவதற்கு வாங்கியவர்களுக்கும் அது செத்துப்போனது. காசு கொடுத்து வாங்கிய பொருள் கடைக்காரர் நினைத்தால் செத்துவிடுமா என்று ஐரோப்பாவில் கையெழுத்து இயக்கமே தொடங்கியது. பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது.

ஆனால் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. பிளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது உலகம் இல்லை, முப்பரிமாண உருவங்கள் செய்யும் கருவி. என் சர்வரில் இருக்கும் ரயில் பெட்டிகூட அதில் செய்ததுதான். 2002-ல் அதை நடத்திய டச்சு நிறுவனம் மூடப்பட்டது. அதன் ஆசிரியர் டன் ரோசென்டால் முதலீட்டாளர்களிடம் பேசினார்: 1 லட்சம் யூரோ கொடுத்தால் நிரலை விட்டுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். பயனர்கள் சேர்ந்து ஏழே வாரத்தில் அந்தத் தொகையைத் திரட்டினார்கள். அக்டோபரில் ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. இன்று பெரிய ஸ்டூடியோக்கள்வரை போயிருக்கிறது.

அதைப் பார்த்த தைரியத்தில்தான் என்று நினைக்கிறேன், 2006-ல் ரைசம் என்ற கேமின் ரசிகர்களும் களத்தில் இறங்கினார்கள். பிரெஞ்சு நிறுவனமான நெவ்ராக்ஸ் 2004-ல் வெளியிட்ட ஆன்லைன் உலகம் அது. நிறுவனம் திவாலானது. விளையாடியவர்களும் முன்னாள் ஊழியர்களும் சேர்ந்து, அதை வாங்கிக் கட்டற்ற மென்பொருளாக்கப் பணம் திரட்டினார்கள். ஜிபிஎல் உரிமத்தை உருவாக்கிய ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 60,000 டாலர் தருவதாக வாக்களித்தது. ஆனால் திவால் வழக்கில் கேம் வேறொருவருக்குப் போய்விட்டது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான்கு வருஷம் கழித்து, 2010 மே மாதம், அப்போதைய உரிமையாளரான வின்ச் கேட் தானாகவே முன்வந்து நிரலை ஏஜிபிஎல் உரிமத்திலும், ஆயிரக்கணக்கான ஓவியங்களையும் உருவங்களையும் படைப்புகளுக்கான திறந்த உரிமமான கிரியேட்டிவ் காமன்ஸிலும் வெளியிட்டது.

அப்படியும் அந்த உலகம் வெளியே வந்ததா? வரவில்லை. இயந்திரமும் மரம் மட்டைகளும் வந்தன. எந்த மலை எங்கே, எந்த ஊரில் யார் என்ன சொல்வார் என்ற உள்ளடக்கத்தை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் ஒரு உலகம் பிழைக்க நிரல், படங்கள், தரவு, அதில் குடியிருக்க ஆட்கள் என்று நான்கும் வேண்டும். எது விட்டுப்போனாலும் மிஞ்சுவது வேறு ஏதோ.

ஒற்றைக் காலோடு தப்பித்த உலகங்களும் உண்டு. கிளிட்ச் என்ற விசித்திர அழகான கேம் 2012 டிசம்பரில் மூடப்பட்டது. மறு ஆண்டு அதன் ஓவியங்களைப் பொதுவுடைமையாக்கிவிட்டார்கள், யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். அந்த கேமை எழுதியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்திருந்த கருவிதான் பிறகு அலுவலக அரட்டைக்கான ஸ்லாக் ஆனது. இன்று காலை மேனேஜர் உங்களை விரட்டியது ஸ்லாக்கில் என்றால், அது ஒரு செத்துப்போன உலகத்தின் மிச்சம். சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் கேமின் கதை இன்னும் வேடிக்கை: 2012-ல் மூடப்பட்டு, 2019-ல் சர்வர் நிரல் எப்படியோ வெளியே கசிந்து, ரசிகர்கள் அனுமதியின்றி நடத்தத் தொடங்கி, 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட் நிறுவனமே ஹோம்கமிங் என்ற ரசிகர் சர்வருக்கு முறைப்படி உரிமம் கொடுத்துவிட்டது. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்குப் பிற்பாடு பெற்றோரே வரவேற்பு வைப்பதில்லையா, அந்த மாதிரி.

நான் சொந்தமாக ஒன்று தொடங்க வேண்டும். எதை எடுக்கலாம்?

லுவாண்டி. கட்டிகளை அடுக்கி உலகம் கட்ட உதவும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், என் லேப்டாப்பில் ஓடுவதும் அதுதான். 2010-ல் ஃபின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கினார். பெயரில் இருந்த ‘டெஸ்ட்’ எல்லாரையும் குழப்பியதாலோ என்னவோ, 2024 அக்டோபரில் பெயரை மாற்றினார்கள். ஃபின்னிஷ் மொழியில் ‘லுவோந்தி’ என்றால் படைப்பு. அதோடு லுவா என்ற நிரல்மொழியின் பெயரும் கலந்துகொண்டது.

இயந்திரம் சி பிளஸ் பிளஸில். அதற்கு மேலே நீங்கள் எழுதுவதெல்லாம் லுவாவில். லுவா ஒரு வார இறுதியில் பிடிபடுகிற மொழி. மோட்கள், அதாவது நீங்கள் சேர்க்கும் நிரல்துண்டுகள், சர்வரில்தான் ஓடும், விளையாட வருகிறவர் எதையும் நிறுவ வேண்டாம். உள்ளே நுழையும்போதே படங்களும் ஒலிகளும் தானாக இறங்கும். ஐந்தாம் வகுப்புப் பையனிடம் ‘இந்த ஃபைலை அந்த ஃபோல்டரில் போடு’ என்று போனில் விளக்கியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

உள்ளே பார்த்தால் எளிமையாக இருக்கிறது, அதுவே எனக்குப் பெரிய கவர்ச்சி. உலகம் முழுவதும் கனசதுரக் கட்டிகள். ஒவ்வொரு கட்டிக்கும் நான்கு பைட்: என்ன பொருள் என்பதற்கு இரண்டு, வெளிச்சத்துக்கு ஒன்று, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது போன்ற விவரத்துக்கு ஒன்று. 16-க்கு 16-க்கு 16 கட்டிகளைச் சேர்த்து ஒரு தொகுதி. அதாவது 4,096 கட்டி, 16 கிலோபைட். அதைச் சுருக்கி டேட்டாபேஸில் ஒரு வரியாகப் போட்டுவிடும். உலகத்தின் எல்லை நடுவிலிருந்து ஒவ்வொரு திசையிலும் சுமார் 31,000 கட்டி. முழுதாகச் சேமித்தால் எந்த டிஸ்கும் தாங்காது. ஆனால் யாரும் போகாத இடம் இன்னும் பிறக்கவே இல்லை. முதல் ஆள் நெருங்கும்போதுதான், உலகத்தைத் தொடங்கும்போது வைத்த விதை எண்ணிலிருந்து கணக்குப் போட்டு மலை முளைக்கும். விதை எண்ணும் அமைப்புகளும் அதேதானென்றால் அதே மலை.

என் லேப்டாப்பில் 4 ஜிபி மெமரி. பத்துப் பேர் வரை முனகாமல் தாங்குகிறது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் சிக்கல்: வீட்டு பிராட்பேண்டில் பல நேரம் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி இருக்காது, ஒன்றையே பல வீடுகளுக்குப் பங்கிட்டிருப்பார்கள். அதனால் வெளியிலிருந்து உங்கள் கணினியை நேராகத் தேடி வர முடியாது. நான் வயர்கார்ட் என்ற மென்பொருளால் ஒரு சுரங்கப்பாதை போட்டிருக்கிறேன். அது வேண்டாமென்றால் வாடகை சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் எடுங்கள். உலகம் என்பது ஒரு ஃபோல்டர்தான், ஆனால் சர்வர் ஓடும்போதே அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் டேட்டாபேஸ் பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளலாம். நிறுத்திவிட்டு எடுங்கள், அல்லது அந்த டேட்டாபேஸை நடத்தும் எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அக்கா மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அது மைன்கிராஃப்ட் காப்பிதானே?

மைன்கிராஃப்டைப் பார்த்துத் தொடங்கியது, யாரும் மறைக்கவில்லை. மைன்கிராஃப்ட், 2009-ல் ஜாக்கரி பார்த் எழுதிய இன்ஃபினிமைனரைப் பார்த்துத் தொடங்கியது. இட்லியை யார் முதலில் அவித்தார் என்று ஆராய்வதைவிட இட்லி மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்கலாம்.

நீங்கள் செய்ததிலேயே பெரிய தவறு எது?

வாழை.

நான் எழுதிய முதல் மோட் அது. லுவாண்டியில் ஒரு கட்டியைக் குறிப்பிட்டு, ‘இத்தனை நொடிக்கு ஒருமுறை, இத்தனையில் ஒரு வாய்ப்பில், இதைச் செய்’ என்று விதி எழுதலாம். வாழை பக்கக்கன்று விடுமே, அதை அப்படியே கொண்டுவர நினைத்தேன். பக்கத்தில் மண் இருந்தால் கன்று வரட்டும். சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு நொடிக்கு ஒருமுறை, ஒன்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்தேன். அதாவது எல்லா வாழையும் ஒவ்வொரு நொடியும் கன்று விடும். சோதித்தேன், வந்தது, மகிழ்ந்தேன், எண்ணை மாற்ற மறந்து சாப்பிடப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். உள்ளே நான்கு பையன்கள். இந்த விதிகள் ஆள் நடமாட்டம் உள்ள பகுதியில்தான் ஓடும் என்பதால், அவர்கள் வாழையைப் பார்த்து ஓட ஓட, ஓடிய திசையெல்லாம் வாழை தொடர்ந்தது. நான் திரும்பி வந்தபோது மலை, ஆற்றங்கரை, ரயில் பாதையின் இரு பக்கம் எல்லாம் வாழைத்தோப்பு. லுவா நிரல்கள் ஒரே வரிசையில் ஓடுபவை, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. சர்வர் கன்று எண்ணுவதிலேயே மூழ்கி, கதவைத் திறக்கக்கூட நேரமில்லாமல் நின்றது. “மாமா, உலகமே லேக் ஆகுது,” என்று போன்.

இதற்கு நேர் எதிரான கதை அல்டிமா ஆன்லைனில் நடந்திருக்கிறது. 1997-ல் வந்த அந்த கேமில் புல்லை முயல் தின்ன, முயலை ஓநாய் தின்ன, ஒரு முழு உணவுச் சங்கிலியை எழுதியிருந்தார்கள். கதவு திறந்ததும் விளையாட வந்தவர்கள் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கொன்று தீர்த்தார்கள். சங்கிலி இயங்குவதற்குள் அதன் கண்ணிகளே இல்லை. கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். அங்கே மிருகங்கள் மனிதர்களை ஜெயிக்க முடியவில்லை. இங்கே வாழை ஜெயித்தது.

பழைய பேக்கப்புக்குப் போகலாம் என்றேன். பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து வெட்டினார்கள். வடகிழக்கில் ஒரு தோப்பு இன்னமும் இருக்கிறது, ‘மாமா காடு’ என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள்.

யூனிட்டி, கோடோ, எதைக் கற்கலாம்?

இரண்டும் கேம் செய்யும் கருவிகள். வேலைக்கு என்றால் வேலை கொடுப்பவர் கேட்பதை. எனக்கென்றால் கோடோ: பிஎஸ்டி மாதிரியே தாராளமான எம்ஐடி உரிமம், சிறிய டவுன்லோட். 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று அறிவித்து, ஒரு வருஷம் கழித்து அதைக் கைவிட்டதே, அந்த ஒரு வருஷத்தில் நிறையப் பேர் கோடோ பக்கம் வந்தார்கள்.

மெட்டாவெர்ஸில் நிலம் வாங்கலாமா?

சர்வர் யாருடையது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

தமிழில் ஒரு உலகம் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் எந்த வகை உலகம் என்பதைப் பொறுத்து. லுவாண்டி மாதிரியானவற்றில் எழுத்தைத் திரையில் வரையும் பகுதி, குறிகளை வந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டு போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ‘கொடி’ என்று எழுதினால், சேமிப்பில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. திரையில் அந்தக் குறி இரண்டாக உடைந்து ஒற்றைக் கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். இதைச் செய்ய, எழுத்துகளைச் சரியான இடத்தில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு நிரல் நூலகம் உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு வழி தவறிப்போகும். படிக்க முடியும், கண் வலிக்கும்.

அதனால் தமிழுக்கு என் பரிந்துரை, ‘மட்’ மாதிரியான பழைய எழுத்து உலகத்துக்கே திரும்பிப் போவது. எவெனியா என்று ஒன்று இருக்கிறது. பைத்தானில் எழுதப்பட்ட, பிஎஸ்டி உரிமம் கொண்ட மட் கட்டும் கருவி. அதோடு ஒரு வெப் கிளையண்டும் வருகிறது. பிரவுசரில் ஓடுவதால் எழுத்தை வரைவது பிரவுசரின் பொறுப்பு, தமிழ் அழகாக வரும்.

அங்கே வேறொரு சுவையான சிக்கல் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் மட் எழுதியவர்கள் பெரும்பாலும் முதல் சொல்தான் கட்டளை என்று வைத்துக்கொண்டார்கள். ‘எடு விளக்கு’ என்ற வரிசை. தமிழில் வினை கடைசியில் வரும்: ‘விளக்கை எடு’. எவெனியாவில் கட்டளையைப் பிரிக்கும் பகுதியை நாமே எழுதி மாற்றிக்கொள்ளலாம், எனவே கடைசிச் சொல்லை முதலில் பார் என்று சொல்லிவிட்டேன். அடுத்து, ‘விளக்கை’ என்பதிலிருந்து ‘விளக்கு’ என்ற பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஐயை வெட்டினால் போதும் என்று நினைத்தேன். ‘மரத்தை’ வந்தது. ‘வீட்டை’ வந்தது. ‘ஆற்றை’ வந்தது. போதாதென்று ‘கதவைத் திற’ என்பதில் ஒரு த் கூடுதலாக வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளியில் புணர்ச்சி விதியை ஏன் படிக்கிறோம் என்று கேட்டு தமிழையாவிடம் குட்டு வாங்கியவன் நான். அவர் இன்று என் நிரலைப் பார்த்தால் சிரிப்பார்.

பொருளின் பெயரிலிருந்து எல்லா வேற்றுமை வடிவங்களையும் முன்கூட்டியே உருவாக்கி அகராதியில் போட்டு வைப்பது எளிது என்று கடைசியில் புரிந்தது. தட்டுவதைப் பிரித்துப் பார்ப்பதைவிட, தட்டக்கூடியதை எல்லாம் எதிர்பார்த்து நிற்பது. ‘சாவியால் கதவைத் திற’ இப்போது வேலை செய்கிறது. ‘கதவச் சாத்துடா’ இன்னும் இல்லை.

குழந்தைகளை விடலாமா?

தெரிந்தவர்கள் மட்டும் வரும் சர்வர் என்றால் விடலாம். லுவாண்டியில் புதிதாக வருகிறவருக்கு எதையும் தொடும் உரிமையைக் கொடுக்காமல், சுற்றிப் பார்க்க மட்டும் அனுமதிக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பொது சர்வர் என்றால் பக்கத்தில் உட்காருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் என் சர்வர் தானாக நின்றுவிடும். அது என் அக்காவின் உத்தரவு.

உங்கள் சர்வரின் முகவரி கிடைக்குமா?

நான் லேப்டாப்புக்குத்தான் சொந்தக்காரன். யாரைச் சேர்ப்பது என்பதை உள்ளே இருக்கும் ஒன்பது பேர் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். போன மாதம் என் அலுவலக நண்பர் ஒருவருக்காகக் கேட்டேன். ஏழுக்கு இரண்டு என்று தோற்றேன். வாழை வெட்ட வருவதாக இருந்தால் மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்.